அரிதாக்கப்பட்ட ருசி: ஒரு போத்தலை வாசித்தல்

விஸ்கியைப் பற்றியெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். குடியை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டுமே பேசிப் பழகிவிட்ட நாம், ருசி எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்ற கேள்வியை விளம்பரக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

சென்ற மாதம் ரொறொன்ரோவில் நண்பர் ஒருவர் வீட்டில், அவர் பல வருடமாகப் பொத்திவைத்திருந்த 'கிரவுண் றோயல் எக்ஸ்ஆர்' போத்தல் திறக்கப்பட்டது. 2000களின் நடுப்பகுதியில் வெளிவந்த முதல் வரிசை. "வாட்டர்லூ வடிசாலையின்ர கடைசிச் சரக்கு மச்சான். இனி உலகத்தில கிடையாது" என்றார். மூடியைத் திருகும் முன்னரே தீர்ப்பு வந்துவிட்டது. நான் குடிக்கப்போவது விஸ்கியையா, இந்த வாக்கியத்தையா?

முதலில் நாக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல விஸ்கி. மூக்கருகே கொண்டுபோனால் வெனிலா, உலர்ந்த திராட்சை; கொஞ்சம் பொறுத்தால் கராம்பும் கருவாவும். வாயில் பனங்கட்டிப் பாகின் இனிப்பு, பிறகு றை தானியத்தின் மெல்லிய காரம், ஓக் மரத்தின் துவர்ப்பு. தொண்டையில் எரிவே இல்லை. குறை என்றால் இந்த எரிவின்மைதான். எல்லா மூலைகளும் தேய்க்கப்பட்டிருக்கின்றன. சண்டை பிடிக்காத விஸ்கி.

இந்த வழுவழுப்பு இயற்கையாக வந்ததல்ல. கனடியக் கலப்பு விஸ்கியின் அடித்தளம் பெரும்பாலும் சோளத்திலிருந்து மிக உயர்ந்த செறிவுக்கு வடித்த சாராயம். தானியத்தின் மணம் அதில் அநேகமாகப் போய்விடும். குறைந்த செறிவில் வடித்த, மணம் கூடிய றை விஸ்கி முதலானவை தனியாக முதிர்ந்து பின்னர் அதனுடன் கலக்கப்படுகின்றன. சட்டப்படி மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருடம், கனடா மண்ணிலேயே கிடக்கவேண்டும். பெரும்பகுதி சோளமாயிருந்தாலும் 'றை விஸ்கி' என்று எழுதச் சட்டம் தடையில்லை. ஆக, பெயரே ஒரு கலப்பு. கலப்பவரின் திறமை, கலந்தது தெரியாமல் கலப்பதில் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தடயத்தை அழிப்பதே தரம் என்று ஆகும்போது, வேறு எவை எவை அழிகின்றன என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இந்தப் பெயரின் பூர்வீகத்தைப் பாருங்கள். 1939இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் எலிசபெத் அரசியும் கனடா வந்தபோது, சீகிராம் முதலாளி சாமுவேல் புரொன்ஃப்மன் அவர்களுக்கென்று உருவாக்கியது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920–33) செல்வம் சேர்த்த ஒரு வியாபாரம் கிரீடத்தைச் சூடிக்கொண்ட தருணம் அது. ஊதாப் பை இன்றுவரை அந்த முடிசூட்டலைத் திரும்பத் திரும்ப நடத்துகிறது. மன்னர் எந்தப் பீப்பாயையும் உருட்டவில்லை. உருட்டியவர்களின் பெயர் எந்தப் பையிலும் இல்லை.

வாட்டர்லூவில் 1857இல் தொடங்கிய வடிசாலை 1992இல் மூடப்பட்டது. 1993இல் தீப்பற்றி அழிந்தது. பீப்பாய்கள் அடுக்கியிருந்த பண்டகசாலை பின்னர் அடுக்குமாடி வீடுகளாயிற்று. 2000இல் சீகிராமின் மது வியாபாரத்தைப் பங்குபோட்டு வாங்க டியாஜியோவும் பெர்னோ ரிகாரும் ஒப்பந்தம் செய்தன. கிரவுண் றோயல் டியாஜியோவுக்குப் போயிற்று. அதன்பின் வாட்டர்லூவின் எஞ்சிய விஸ்கி, 'மிக அரிது' என்ற முத்திரையோடு சந்தைக்கு வந்தது.

அரிது ஏன்? தானியம் அரிதல்ல, மரமும் அரிதல்ல. ஆலையை மூடியதால் அரிது. மூடியது முதலாளியின் முடிவு. அந்த முடிவில் வேலை இழந்தவருக்கு அது நட்டம். அதே முடிவு பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் போத்தலின் விலையை ஏற்றுகிறது. ஒரு ஆலையின் மரணமே இங்கு ருசியாகப் பரிமாறப்படுகிறது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்று சொல்வார்கள். தேவதைகளுக்குக்கூடப் பங்குண்டு!

ருசி மதிப்பீட்டாளர்கள் நூறு புள்ளியில் கணக்குப் போடுகிறார்கள். ஜிம் மறியின் முறையில் மணம், சுவை, முடிவு, சமநிலை நான்குக்கும் தலா 25. உழைப்புக்கு எத்தனை? இந்தச் சொல்லாடல் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. 2020இல் பெக்கி பாஸ்கின் என்ற பத்திரிகையாளர், மறியின் விஸ்கிக் குறிப்புகளில் பெண்ணுடல் எப்படி உவமையாக்கப்படுகிறது என்று வெளிப்படையாகக் கேட்டபோது அந்தத் துறையே அதிர்ந்தது. பெண்ணுடல் அங்கே உவமையாகவாவது இருந்தது. தொழிலாளியின் உடல் உவமையாகக்கூட இல்லை.

இந்தக் கோபத்தில் என் சொந்தக் கதையும் கலந்திருப்பதை மறைக்க விரும்பவில்லை. இங்கு வந்த முதல் வருடங்களில் போத்தல் அடைக்கும் ஆலையொன்றில் இரவுவேலை செய்தேன். மதுவல்ல, பழச்சாறு. வரிசை ஓடும் சத்தம் வீட்டுக்கு வந்தும் காதுக்குள் ஓடும். ஒருநாள் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கடைசி இரவு அடைத்த போத்தல்களை ஒருத்தரும் அரிது எண்டு சொல்லேல்லை.

2025 ஆகஸ்டில், ஒன்ராறியோவின் அம்ஹேர்ஸ்ட்பேர்க்கில் கிரவுண் றோயல் போத்தலில் அடைக்கும் ஆலையை மூடுவதாக டியாஜியோ அறிவித்தது. மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் பத்திரிகையாளர் முன்னால் ஒரு போத்தலை நிலத்தில் ஊற்றினார். அது அரசியல் நாடகம்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சில விநாடிகள் போத்தலுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தது தெரிந்தது. எந்த ருசிக் குறிப்பும் இதுவரை செய்யாத வேலை அது.

நண்பர் இரண்டாவது தடவை ஊற்றினார். நான் மறுக்கவில்லை. முன்னே சொன்னேனே, நல்ல விஸ்கி. பிறகு கேட்டேன்: "இன்னும் இருபது வருசத்தில அம்ஹேர்ஸ்ட்பேர்க்கில அடைச்ச கடைசிப் போத்தல் எண்டு ஒண்டு வந்தால் வாங்குவியோ?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வாங்குவன்" என்றார். "அதுதான் பிரச்சினை."