தோழியர் போர்வை

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்னும் மூன்று அடுக்குகளையும் ஓட்டுத் தையலால் பிணைத்த போர்வை கில்ட் எனப்படும். 1840களில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் பரவிய தோழமைக் கில்ட்டில், வீட்டுவேலைகளுக்கிடையே சேர்த்துவைத்த துண்டுத்துணிகளைக் கொண்டு ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரம் தைத்து, அதில் அழியா மையால் தன் பெயரை எழுதித் தந்தாள். இரும்பு கலந்த பழைய மைகள் துணியை அரித்துவிடுபவை. அரிக்காத மை கடைக்கு வந்தது இவ்வழக்கம் பெருகுவதற்குத் துணைநின்றது. தொலைவிலிருந்தவர்களின் சதுரங்கள் அஞ்சலிலும் வந்தன. மேற்கே குடிபெயர்ந்த குடும்பத்துத் தாய்க்கு, மீண்டும் காண வாய்ப்பற்ற தோழியர் அளித்த பிரிவுப் பரிசாகவும் அது அமைந்தது. இவ்வகையில், பூக்கூடைகள் நிறைந்த பால்டிமோர் நகரத்து ஆல்பம் கில்ட்டுகளே அருங்காட்சியகங்களில் பெயர்பெற்றவை. எனினும் தேர்ந்த கையும் தேராத கையும் அருகருகே தெரியும் எளிய போர்வைகளே கூடுதல் ரசனைக்குரியவை.