கோடு தானே செய்துகொள்ளும் தலை

படம் வரையும் மொழியான மெட்டாபோஸ்டில் வரைந்த வளைந்த அம்பு ஒன்றைத் திரையில் நன்றாகப் பெரிதாக்கி அதன் முனையை மட்டும் பாருங்கள். பக்க விளிம்புகள் இரண்டும் நேராக இருக்காது. கோடு எந்தப் பக்கமாக வளைந்து வந்ததோ, அதே பக்கமாக அவையும் மெல்ல வளைந்திருக்கும். படத்தைக் கடந்துபோகிறவர் கண்ணில் இது படாது. பட்டவர்கள் வேறு அம்புகளைப் பழைய நிம்மதியோடு பார்க்க முடியாது.

மெட்டாபோஸ்டை உருவாக்கிய ஜான் ஹாபி இதைச் செய்த விதம்தான் அழகு. கோடு முடியும் புள்ளியை மையமாக வைத்து 4 பாயின்ட் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்குள் அகப்படும் கடைசித் துண்டை வெட்டி எடுக்கிறார். அதையே 22.5 டிகிரி இந்தப் பக்கம் திருப்பி ஒரு நகல், அந்தப் பக்கம் திருப்பி இன்னொன்று. பின்பக்கத்தை நேர்கோட்டால் மூடி மை நிரப்பினால் முனை தயார். முக்கோணம் என்று ஒன்றை முன்கூட்டி எங்கும் செய்து வைக்கவில்லை. மற்ற அம்புகளில் இலையைக் காம்பில் ஒட்டவைத்திருக்கிறார்கள். இதில் அது துளிர்த்திருக்கிறது. மேக்ரோ என்னவோ சில வரிதான்.

ஹாபி, கணினி அறிஞர் க்னூத்தின் மாணவர். புள்ளிகளையும் திசையையும் சொன்னால் இடையில் ஓடவேண்டிய வளைவைத் தேர்ந்துகொடுக்கும் கணக்கை 1986இல் வெளியிட்டவரும் அவரே. எழுத்துருவுக்காகப் பிறந்த கணக்கு அது. அதனால்தானோ என்னவோ, மெட்டாபோஸ்ட் கோடு பக்கத்தில் இருக்கும் எழுத்தோடு சண்டை போடுவதில்லை.

இன்னொரு பட மொழியான டிக்ஸின் ரசிகர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அதை உருவாக்கிய தில் டான்டாவ்மீது எனக்கும் மரியாதை உண்டு. எழுத்துக்குப் பக்கத்தில் கோடு 0.4 பாயின்ட் இருக்கட்டும், எழுத்தின் தடிமனும் கோட்டின் தடிமனும் ஒத்துப்போகட்டும் என்று கையேட்டிலேயே எழுதிவைத்த மனிதர். அவருடைய 'ஸ்டெல்த்' முனையின் கூர்மையையும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் சிறிய வளைவில் பெரிய முனை வைத்துப் பாருங்கள். சும்மா விட்டால், முனைக்கு இடம்விடக் கோட்டின் கடைசிப் புள்ளியைப் பின்னுக்கு நகர்த்தி வளைவையே கொஞ்சம் கோணலாக்கிவிடும். 'பெண்டிங்' நூலகத்தை அழைத்தால் சரியாகும்தான். கேட்டால்தான் கிடைக்கும் என்பதுதான் என் மனத்தாங்கல்.

நேர் அம்புக்கு மட்டும் என் ஓட்டு கெர்னிகனின் 'பிக்' பட மொழிக்கு. அரை அங்குலக் கோடு, முனை நீளம் 0.1, அகலம் 0.05. ஒன்றும் சொல்லாமல் விட்டாலே வரும் அந்த விகிதத்தை மாற்றத் தோன்றியதில்லை. கிராப்விஸ் வேறு ரகம். நூறு கட்டங்களை அதுவே அடுக்கித் தரும். அப்படித் தருவதைத் திட்டுவது நன்றிகெட்டதனம், ரசிப்பதும் கஷ்டம்.

அம்புக்கு உண்மையான பரீட்சை, புறப்பட்ட வட்டத்துக்கே திரும்பிவரும் வளையம். ஆட்டோமேட்டா பாடத்துக்குப் படம் போட்ட நாட்களில் லேசர் பிரிண்டரிலிருந்து தாள் வந்ததும் நான் முதலில் தேடுவது அதைத்தான். அவ்வளவு சின்ன வளைவில் நேர்விளிம்பு முக்கோணம் தறிகெட்டு வேறெங்கோ பார்க்கும். ஹாபியின் முனை, வட்டத்தின் விளிம்பில் 'கட்ஆஃப்டர்' கட்டளை கோட்டை வெட்டிய இடத்தில், வந்த சுழற்சியோடேயே போய்த் தொடும்.

இப்போது வரும் வடிவமைப்பு ஆவணங்களில் எல்லாம், எழுத்துக் குறிகளிலிருந்து படம் போடும் மெர்மெய்ட். இரண்டு சிறுகோடு, ஒரு 'பெரிது' குறி, தட்டினால் அம்பு. படமே போடாதவர்களையும் போடவைத்திருக்கிறது, சரி. ஆனால் கோட்டின் நட்டநடுவில் சாம்பல் நிறச் செவ்வகம் வைத்து அதன்மேல் எழுத்தை உட்காரவைப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. பாய்வுப் படத்தில் மூன்று கோடுகள் ஒரே கட்டத்துக்கு வந்தால் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மைக்கறையாகிவிடுகின்றன. பரிசீலனைக் கூட்டத்தில் இதைச் சொன்னால், "அம்பு எங்கே போகுதுன்னு தெரியுதுல்ல சார்?" என்கிறார்கள். தெரிகிறது.

மெட்டாபோஸ்ட் பக்கமும் சிலர் 45 டிகிரி முனை பருமன் என்று கோணத்தைக் குறைக்கிறார்கள். 30 வரை ஒப்புக்கொள்வேன். அதற்கும் கீழே போனால் முனை ஊசியாகி விளிம்பின் வளைவு கண்ணுக்கே தெரியாது. அதற்கு பிக்கிலேயே வரைந்துவிடலாம்.