தேங்காயெண்ணெய் உறையும் உயரம்

தண்ணீர் தளதளவென்று கொதித்தது; அரிசி வேகவில்லை. அத்தை மூடியைத் தூக்கி ஒரு பருக்கையை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தாள். நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. "ஊர்லயா இருந்தா இந்நேரம் தின்னு முடிச்சுப் போசியவே கழுவிக் கவுத்திருக்கலாம்" என்று மறுபடி மூடினாள். கேட்பதற்குச் சலிப்பு மாதிரிதான் இருந்தது. ஆனால் குனிந்து விறகைத் தள்ளிய முகத்தில் சலிப்பு இல்லை. நாற்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவந்த அரிசிம்பருப்புச் சோறு, இன்றைக்குப் பார்த்துப் புதுப்பொண்ணு மாதிரி பிகு பண்ணுகிறதே என்ற வியப்புதான் இருந்தது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. காங்கேயத்துத் தரை கடல் மட்டத்துக்கு மேலே 300 மீட்டர் சொச்சம். நாங்கள் அடுப்பு மூட்டியிருந்த, கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் கிட்டத்தட்ட 2,000 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்கிற கணக்கில் தண்ணீர் முன்னாடியே கொதித்துவிடுகிறது. 93 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீருக்கு ஆர்ப்பாட்டம் உண்டு, அவ்வளவு சூடு இல்லை. அத்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "கொதிக்கறது வேற, வேகறது வேற" என்று முடித்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை ருசித்துக்கொண்டே ஏரிப்பக்கம் நடந்தேன்.

சித்திரை வெயிலில் காங்கேயம் எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளுவை வேலி இலையை உதிர்த்துவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். மாடுகள் வெள்வேல மரத்து நிழலை மொய்த்துக் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் 17 பேர் ஒட்டுக்கா ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம். ஆத்தா, பெரியப்பா வீடு, எங்கள் வீடு, சித்தப்பா வீடு, அத்தை வீடு. தாராபுரம், பழநி, அப்புறம் 64 கிலோமீட்டர் மலைப்பாதை. கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது ஒரு கட்டுப்பாடாகவே தெரியவில்லை. எவர்சில்வர் தூக்குப்போசிகளை வரிசையாக அடுக்கியதில், வேன் பார்க்கக் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிற வண்டி மாதிரி ஆகிவிட்டது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வந்தோம். 1863-ல் லெவிஞ்ச் என்கிற கலெக்டர் அமைத்த ஏரி. அழகுதான். ஆனால் கரை நெடுகச் சைக்கிள், குதிரை, சோளக்கருது, பஞ்சு மிட்டாய். ஆத்தா வேனை விட்டே இறங்கவில்லை. "சிவன்மலைத் தேருக்கு இத விடக் கூட்டம் கம்மி" என்றாள். பூம்பாறை வழியாக மேலும் 30 கிலோமீட்டருக்கு மேல் போனதும் மன்னவனூர் ஏரி வந்தது. அங்கேதான் இறங்கினாள்.

அந்த ஏரியில் எனக்குப் பிடித்தது அதன் ஓரம். நமக்குத் தெரிந்த குளத்துக்குக் கரை உண்டு. குட்டைக்கு மேடு உண்டு. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டு. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு இருக்கும். இங்கே அந்தக் கோடே இல்லை. மேட்டிலிருந்து பச்சைப் புல் சரிந்து இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏதோ ஓரிடத்தில் புல்லின் அடி ஈரமாகிறது, அதற்கப்புறம் நுனி மட்டும் தெரிகிறது, அதற்கப்புறம் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால்தான் தரைக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருக்கிற அந்த நாலைந்து அடி தெரியும். கால் வைத்தால் மெத்தென்று அமுங்கி, எடுத்தால் தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறது. ஆத்தா அப்படி ஏழெட்டுத் தடம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடமும் ஒரு சின்னக் கிணறு.

சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று ஆத்தா ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். நம்மூர்ச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய். காங்கேயத்தில் பாதி ஊருக்குத் தேங்காய்ப் பருப்புதான் பிழைப்பு. களத்தில் காயும் பருப்பின் வாசனை இல்லாத தெரு கிடையாது. அந்த எண்ணெய் அங்கே திறந்தால் ஓடும். இங்கே பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளை வெளேரென்று கல்லாக நின்றது. தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறைகிற பொருள். வெய்யகாலத்தில் எங்கள் வீட்டு நிழல்கூட அதைவிடச் சூடு. ஆத்தா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஏனுங் சாமி, நம்ம எண்ணெய்தானா இது?" என்று சிரித்தாள். அப்புறம் அதை முந்தானைக்குள் வைத்துப் போர்த்திக்கொண்டு, கோழி அடை காக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அரைமணி நேரம் கழித்து ஓரத்தில் மட்டும் ஒரு விரற்கடை இளகியிருந்தது. அதைத் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டாள்.

நெய்யும் அப்படித்தான். ஊரில் ஊற்றுகிற நெய்யை இங்கே கரண்டிக் காம்பால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக வெந்து இறங்கிய சோற்றின் மேல் அதை வைத்ததும் உடனே உருகவில்லை. முதலில் மணல் மணலாக நின்றது. அடிப்பக்கம் மட்டும் இளகி, சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் கிடந்த பருக்கைகளுக்குள் மெதுவாக இறங்கியது. முதல் வாய்க்குப் பாதி உறைந்த நெய், கடைசி வாய்க்கு முழுதும் உருகிய நெய். ஒரே வட்டலில் இரண்டு சோறு தின்ற மாதிரி. ஊரில் இந்தச் சோற்றை எத்தனையோ தடவை தின்றிருக்கிறேன். நெய் உருகுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது.

பண்டங்கள் மட்டுமா குணம் மாறின? பெரியப்பாவும் சித்தப்பாவும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. பொதுக் கிணறு, ஒரே மோட்டார், யாருக்கு எந்தக் கிழமை என்கிற முறைத் தகராறு. எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றாலே முறைதான். திருமூர்த்தி அணையிலிருந்து வருகிற பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலுக்கே பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக்காரர்கள் கடைமடையில் காத்திருந்து பழகியவர்கள். வரும்போது பெரியப்பா டிரைவர் பக்கத்திலும் சித்தப்பா கடைசி சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள். வேனின் முழு நீளமும் அவர்களுக்கு நடுவில் இருந்தது.

பொழுதோட இருவரும் ஏரியைப் பார்த்து நின்றார்கள். பத்தடி இடைவெளி. பரிசல் ஒன்று கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. துடுப்பு எழுப்பிய வளையம் விரிந்து விரிந்து வந்து, இவர்கள் நின்ற இடத்துப் புல்நுனியை அசைத்துவிட்டு அடங்கியது. பெரியப்பா ஏரியைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏன்டா தம்பி, இத்தனத் தண்ணிக்கு இங்க யாரு மொறை வெப்பா?"

சித்தப்பா உடனே பதில் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் காதை மூடிக் கட்டிக்கொண்டார். பிறகு, "யாரும் வெக்கறதில்லீங்ணா" என்றார்.

இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. அதிலிருந்த அந்த 'ங்ணா'வை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். கோபம் எத்தனை இருந்தாலும் கொங்கு நாக்குக்கு அந்த மரியாதையைக் கழற்றி வைக்கத் தெரியாது.

ராத்திரி குளிர் இறங்கியது. நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர், பிள்ளைகளுக்கு முற்றத்தில் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தார். ஊரில் வெய்யகாலத்தில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு, நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டு, காத்து வராதா என்று படுத்திருப்போம். இங்கே காத்து வந்துவிடக் கூடாதே என்று ஜிப்பை இழுத்து மூடினோம். கம்பளி போதவில்லை. பெரியம்மா கொண்டுவந்த பவானி ஜமக்காளம் ஒன்று பெரிசாக இருந்தது. பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் போட்டது. விரிக்க வேண்டியதைப் பெரியவர்கள் போர்த்திக்கொண்டார்கள். விடியற்காலையில் பார்த்தால் அதன் ஒரு முனையில் பெரியப்பா, மறுமுனையில் சித்தப்பா. தூக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள். ஜமக்காளம் விறைப்பாக நடுவில் நின்றது.

மஞ்சு விலகாத காலையில், மரங்களின் ஓரமாகக் காட்டுமாடு ஒன்று வந்து நின்றது. பிள்ளைகள் மூச்சை அடக்கினார்கள். பெரியப்பா மட்டும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி தலையைச் சாய்த்து அதை மதிப்புப் போட ஆரம்பித்தார். "திமில் இல்ல. முதுகு மட்டும் மேடு. கொம்பு மோசமில்ல. காலப் பாரு, முழங்காலுக்குக் கீழ வெள்ளக் காலுறை போட்டாப்புல." பக்கத்தில் ஒரு கன்று, வெளிர் செவலை. வளர வளரக் கறுத்துவிடுமாம். நம் காங்கேயம் கன்றும் பிறக்கும்போது செவலைதான். ஆறு மாசம் போல ஆனால் நிறம் மாறி மயிலையாகும். "அதும் இதும் பொறக்கையில ஒரே நெறம் பாருடா" என்று பெரியப்பா சொன்னது சித்தப்பாவைப் பார்த்து. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறம் பிரித்துச் சுழி பார்த்து வாங்கிப் பழகிய கண்ணுக்குக் காட்டில் நிற்பதும் மாடுதான். தொலைநோக்கி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த நயம் கிடைக்குமா, தெரியவில்லை.

இங்கே 1965-லிருந்து மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளைப் பார்த்த அத்தை, ரோமத்துக்குள் விரலை விட்டாள். கணுவரைக்கும் போயிற்று. "நம்ம மயிலம்பாடி ஆட்ட இங்க கொண்டாந்து உட்டா வெறச்சே போயிரும்" என்றாள். நம் ஆட்டுக்கு இருப்பது குட்டை முடி. வெயிலுக்குத் தைத்த சட்டை அது.

திரும்பும் வழியில் பூம்பாறையில் நின்றோம். மலைச்சரிவில் படி படியாக வெட்டிய வயல்கள். பூண்டுக்குப் பேர்போன ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆத்தா ஒரு பல்லை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது பூண்டு" என்று மட்டும் சொல்லி இரண்டு கிலோ நிறுக்கச் சொன்னாள். நிறுத்துக் கொடுத்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். காங்கேயம் என்றதும் தராசைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அங்கிருந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க."

இது கடைப்பேச்சு மட்டுமில்லை. 1906-ல் பிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியரில் இந்த மலையில் வேளாண்மை செய்கிற குன்னுவர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. தாராபுரம், காங்கேயம் நாட்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லிவரும் வரலாறு. கீழே போர் நடந்ததால் வந்தோம் என்று ஒரு பேச்சு. பஞ்சத்தால் வந்தோம் என்று இன்னொன்று. நாங்கள் இ-பாஸ் வாங்கி வேனில் ஏறி வந்த மலைக்கு, அவர்கள் விதைமூட்டையோடு நடந்தே ஏறியிருப்பார்கள். நாங்கள் இரண்டு நாள் வெயிலுக்குத் தப்பி வந்தோம். அவர்கள் இறங்கவே இல்லை. கம்பும் சோளமும் விதைத்த கை இங்கே பூண்டு நடக் கற்றுக்கொண்டது. பெரியவரிடம் ஆத்தா வேறெதுவும் கேட்கவில்லை. பேரம் பேசாமல் காசைக் கொடுத்தாள். அவள் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவரும் நிறுத்தது போக இரண்டு கைப்பிடி அள்ளிப் பைக்குள் போட்டார்.

இறக்கத்தை வளைவுகளால் எண்ணுவார்கள். நாங்கள் துணிகளால் எண்ணினோம். பெருமாள்மலை தாண்டியதும் குல்லாய் கழன்றது. அடுத்து ஸ்வெட்டர். அடுத்து சித்தப்பாவின் காதுத் துண்டு தோளுக்கு இறங்கியது. பாதி மலையில் கண்ணாடிகள் திறந்தன. அடிவாரத்தில் முகத்தில் அடித்த காற்று அடுப்படிக் காற்றாக இருந்தது. தாராபுரம் அமராவதிப் பாலத்தில், மணலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் மின்னியது. இந்த மலையின் மேற்குச் சரிவில் பெய்கிற மழையும் அமராவதி அணைக்கு வந்து, இந்தப் பாலத்துக்கடியில்தான் போகிறது. பெரியப்பா எட்டிப் பார்த்தார். சித்தப்பாவும் பார்த்தார். இப்போது ஒருவர் சீட்டுக்குப் பின் சீட்டில் மற்றவர்.

ஆத்தா மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில். எண்ணெய் கிட்டத்தட்ட முழுதும் உருகி வழக்கமான நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி தங்கி, வேன் குலுங்கும்போதெல்லாம் தானும் ஆடியது. ஊர் வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு முன்னால் சாமான் இறக்கினோம். யாரும் அதிகம் பேசவில்லை. வெயில் பேச விடவில்லை. சித்தப்பா தன் பைகளோடு அந்தப் பவானி ஜமக்காளத்தையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இட்டேறியில் நடந்துவிட்டார். பெரியம்மா அப்புறம்தான் கவனித்தாள். "ஏனுங், நம்ம ஜமக்காளத்தத் தூக்கீட்டுப் போறாருங்க" என்றாள்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து செருப்பைத் தட்டினார். அதன் அடியில் இன்னும் ஏரிக்கரைச் சேறு காயாமல் ஒட்டியிருந்தது.

"இருக்கட்டும் உடு" என்றார். "நாளைக்குப் போயிக் கேட்டு வாங்கிக்கறேன்."