பேய் வீடும் வீட்டுப் பத்திரமும்

இந்தியத் திகில் படம் சமூகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது 2018இல்தான் என்ற கருத்து விமர்சகர்களிடையே இப்போது வேரூன்றிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ஸ்த்ரீ’யும் அக்டோபரில் ‘தும்பாட்’டும் வந்தன. இரவில் தனியே நடக்கும் பெண்ணின் பயத்தை ஆண்கள் தலையில் இறக்கிவைத்தது முதல் படம்; பேராசைக்கு ஒரு தெய்வத்தின் உருவம் கொடுத்தது இரண்டாவது. ‘தும்பாட்’ 2024 செப்டம்பரில் மறுபடி திரைக்கு வந்து முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்த பிறகு இந்தக் கருத்துக்கு எதிர்ப்பேச்சே இல்லாமல் போயிற்று. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுப் பேய்ப் படங்கள் வெள்ளைப் புடவை, கிறீச்சிடும் கதவு, ரப்பர் முகமூடி என்ற மூன்றுக்குள் அடக்கப்பட்டுவிட்டன. ஆனால் படங்களை வரிசையாகப் பார்த்தால் கிடைக்கும் சித்திரமே வேறு. பம்பாயின் பேய்ப் படங்கள் தொடக்கத்திலிருந்தே ஒரே வழக்கைத்தான் நடத்தி வந்திருக்கின்றன: இந்த வீடு யாருடையது, இந்த நிலம் யாரிடமிருந்து கைமாறியது?

மலாடிலிருந்த பாம்பே டாக்கீஸின் ‘மஹல்’ (1949) ஏலத்தில் எடுத்த ஒரு மாளிகையில் தொடங்குகிறது. கமால் அம்ரோஹி இயக்கிய முதல் படம் அது. புது உரிமையாளராக வரும் அசோக் குமார், சுவரில் தொங்கும் பழைய படத்தில் தன் முகத்தையே பார்க்கிறார். அவரை மாளிகை முழுக்க அலையவைக்கும் மதுபாலா கடைசியில் பேயல்ல, தோட்டக்காரரின் மகள் என்று தெரியவருகிறது. அந்த மாளிகையின் காதல் கதைக்குள் நுழைய வேலைக்காரரின் மகளுக்குப் பேய் வேடம் தவிர வேறு வழியில்லை. நாடு பிரிந்து இரண்டே ஆண்டு. ஓடிப்போனவர்களின் வீடுகள் ஊர் ஊராகக் கைமாறிக்கொண்டிருந்த காலம். அன்றைய பார்வையாளருக்கு ஏலம் போன மாளிகை வெறும் அலங்காரமாகத் தெரிந்திருக்காது.

ரித்விக் கட்டக் கதை எழுதி பிமல் ராய் இயக்கிய ‘மதுமதி’யில் (1958) மர எஸ்டேட் உலகத்து முதலாளியின் மாளிகையில் ஒரு மலைவாசிப் பெண் சாகிறாள், அந்தச் சாவுக்குச் சாட்சி சொல்ல ஆவியால்தான் முடிகிறது. ‘பீஸ் சால் பாத்’தில் (1962) ஜமீன்தார் செய்த வன்கொடுமைக்கு வாரிசுகள் விலை கொடுக்கிறார்கள். தமிழில் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) இதைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோயிற்று: காதலர்கள் செத்து மறுபிறவி எடுத்துவிடுகிறார்கள், ஜமீன்தார் நம்பியாரோ சாகாமல் கிழடாகக் காத்திருக்கிறார். ராஜ் கோஸ்லாவின் ‘வோ கௌன் தீ’ (1964) தமிழில் ‘யார் நீ?’ (1966) ஆனது. அதில் பேய் என்பது சொத்துக்காகச் சொந்தக்காரர்களே நடத்தும் நாடகம். இவற்றின் பாடல்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கதைகளைத் தமிழ் ரசிகர்கள் மறந்துவிட்டது பெரிய இழப்பு.

அடுத்து ராம்சே சகோதரர்கள். கராச்சியிலிருந்து பிரிவினையின்போது பம்பாய்க்கு வந்து லாமிங்டன் சாலையில் ரேடியோக் கடை வைத்த குடும்பம் அது. தந்தை எஃப்.யூ. ராம்சே; குமார், கங்கு, துள்சி, அர்ஜுன், ஷ்யாம், கேஷு, கிரண் என ஏழு பிள்ளைகள். எழுத்து, கேமரா, ஒலி, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே. ‘ஏக் நன்ஹி முன்னி லட்கீ தீ’ (1970) ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பிசாசு முகமூடியோடு திருடப் போகும் ஒரு காட்சிக்குத் தியேட்டரில் கிடைத்த வரவேற்பைப் பிள்ளைகள் கவனித்தார்கள். அதிலிருந்து பிறந்தது ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ (1972). குடும்பத்தோடு மகாபலேஷ்வர் போய் விருந்தினர் மாளிகையில் தங்கி எடுத்த படம். பெண்களுக்குச் சமையலும் ஒப்பனையும், ஆண்களுக்குக் கேமராவும் விளக்கும் என்று வேலை பிரிந்தது.

இவர்களது படங்களை மலிவுச் சரக்கு என்று தள்ளிவிடுவது சுலபம். மலிவுதான், பல இடங்களில் அசிங்கமும்கூட. குளியல் காட்சியும் கோமாளிக் கிளைக்கதையும் இல்லாத ராம்சே படம் அரிது. ஆனால் ‘ஹோட்டல்’ (1981) எதைப் பற்றியது? பாதிரியாரை ஏமாற்றிக் கல்லறை நிலத்தை வாங்கிய வியாபாரிகள் அதன்மேல் விடுதி கட்டுகிறார்கள். புதைந்தவர்கள் எழுந்து வருகிறார்கள். நிலத்தின் விலை விண்ணை நோக்கி ஏறிக்கொண்டிருந்த பம்பாயில், பில்டரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய படம் இது. அந்த ஆண்டுகளின் மரியாதைக்குரிய படங்களில் எத்தனை இதைச் செய்தன?

‘புரானா மந்திர்’ (1984) இன்னும் உள்ளே போகிறது. அரசன் ஒருவன் சாம்ரி என்ற அரக்கனின் தலையைத் துண்டித்து, தலையைச் சங்கிலி போட்ட பெட்டிக்குள் மாளிகையிலும் உடலைப் பழைய கோவிலுக்குப் பின்னாலும் புதைக்கிறான். சாகும் முன் சாம்ரி இட்ட சாபம்: அந்த வம்சத்துப் பெண்கள் பிரசவத்தில் சாவார்கள். இருநூறு ஆண்டு கழித்து, நகரத்தில் கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு சாதாரண வீட்டுப் பையனைக் காதலிக்கிறாள். தாக்கூர் குலத்து அப்பா மறுக்கிறார். அவர் முதலில் சொல்வது அந்தஸ்துக் கதை. நெருக்கிய பிறகுதான் சாபக் கதை வெளியே வருகிறது. படத்தின் உண்மையான பயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தன் மகள் யாரோடு படுக்கிறாள், யாருடைய பிள்ளையைப் பெறுகிறாள் என்பதை ஆள நினைக்கும் குடும்பத்தின் அச்சத்துக்கு சாம்ரியாக நடித்த, அஜய் அகர்வால் என்றும் அனிருத் அகர்வால் என்றும் அறியப்பட்ட நெட்டை நடிகரின் முகம் கிடைத்தது. கடைசியில் திரிசூலம் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுகிறது. அது படத்தின் தோல்வி. இருந்தும் பெட்டிக்குள் பூட்டிய தலை வம்சத்தின் சொத்தோடு சொத்தாகத்தான் வந்துசேர்கிறது. ஷம்யா தாஸ்குப்தாவும் கார்த்திக் நாயரும் எழுதிய நூல்களுக்குப் பிறகு ராம்சேக்களைக் கவனிக்காமல் இந்தித் திகில் படத்தைப் பற்றிப் பேச இயலாது.

இத்தனைக்கும் நடுவில் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போன படம் ‘கெஹ்ராயீ’ (1980). புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற அருணா ராஜேயும் விகாஸ் தேசாயும் இயக்கினார்கள். எழுத்தில் விஜய் டெண்டுல்கரின் பங்கு உண்டு. பெங்களூரில் வசதியாக வாழும் சென்னபசப்பா (ஸ்ரீராம் லாகூ) கிராமத்து நிலத்தை சோப்புத் தொழிற்சாலைக்கு விற்கிறார். நிலத்தைப் பார்த்துக்கொண்ட பஸ்வா தடுத்துப் பார்க்கிறான். அவன் பேச்சு எடுபடவில்லை. பள்ளி செல்லும் மகள் உமா (பத்மினி கோலாபுரே) கொஞ்சம் கொஞ்சமாக வேறொருத்தியாகிறாள். வரவேற்பறையில், அம்மாவும் அண்ணனும் பார்த்திருக்க, தடித்த குரலில் அவள் அப்பாவைப் பெயர் சொல்லி விசாரிக்கிறாள்: நிலத்தை விற்றாய், அதற்கு முன் பஸ்வாவின் பெண்டாட்டியை என்ன செய்தாய்? லாகூவின் முகத்தில் அப்போது தெரிவது பேயைக் கண்ட பயம் மட்டுமில்லை. மாட்டிக்கொண்டவனின் பயமும் அதில் இருக்கிறது. பகுத்தறிவு பேசும் மனிதர் மருத்துவரிடம் ஓடுகிறார், பிறகு மந்திரவாதிகளிடம். அம்ரீஷ் பூரி செய்யும் மாந்திரீகரை வைத்து மட்டும் இப்படம் இன்று நினைவுகூரப்படுகிறது.

‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) கொடுத்த அச்சு இதில் தெரிவது உண்மை. ஆனால் அந்த அமெரிக்கப் படத்தில் சிறுமிக்குள் புகுந்த தீமை எங்கிருந்தோ வந்தது. ‘கெஹ்ராயீ’யில் அது கிரயப் பத்திரத்தின் வழியே வருகிறது. இந்தியாவில் எடுத்த திகில் படங்களில் இதற்கு இணையானது இன்னும் வரவில்லை. ‘தும்பாட்’டோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். ராஹி அனில் பார்வேயின் படம் அழகானது, மழையை அதுபோல் காட்டிய படம் குறைவு. என்றாலும் அது ஒரு நீதிக்கதை: ஆசைப்பட்டவன் அழிகிறான். வாடா என்ற பழைய மாளிகையைக் கட்டிய செல்வம் யாருடைய உழைப்பு என்ற கேள்வி, ஹஸ்தர் என்ற அந்தத் தெய்வத்துக்கான மாவு பொம்மைக்கும் தங்கக் காசுக்கும் நடுவே காணாமல் போகிறது. பேராசை எல்லாருக்கும் பொதுவான குணமாகிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் பேய் தொலைக்காட்சிக்குக் குடிபோயிற்று. ‘ஜீ ஹாரர் ஷோ’வும் ‘ஆஹட்’டும் வாரந்தோறும் பயமுறுத்தின. ராம் கோபால் வர்மாவின் ‘பூத்’ (2003) பேயை மாடிக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தது. முன்பு குடியிருந்தவள் பால்கனியிலிருந்து விழுந்து செத்த ஃபிளாட் அது. தெரிந்தே வீட்டை எடுக்கும் கணவன் மனைவியிடம் மறைக்கிறான். கொலைகாரன் வீட்டு உரிமையாளரின் மகன். மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த மறைப்பு புதிதில்லை. தமிழிலும் இந்தியிலும் விக்ரம் கே. குமார் எடுத்த ‘யாவரும் நலம்’ (2009) நடுத்தரக் குடும்பத்தின் புது ஃபிளாட்டில் பால் திரிவதையும், பூஜையறைச் சுவரில் ஆணி இறங்காததையும், மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் நகராததையும் வைத்தே அரை மணி நேரம் நடுங்க வைத்தது.

தமிழ் விமர்சகர்கள் அதிகம் கொண்டாடுவது ‘சந்திரமுகி’யை (2005). ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்ற மூலத்தின் நுட்பத்தைத் தொலைத்துவிட்ட படம் அது. மன்னன் வேட்டையன் செய்த கொலை உளவியல் நோயாகச் சுருங்கி, பொம்மையை எரித்ததும் வீடு வாங்கியவர்களுக்கே பத்திரமாகக் கிடைத்துவிடுகிறது. பின்னர் வந்த அரண்மனை வகைப் படங்களில் அந்த வீடு கோடை விடுமுறை விடுதியாகிவிட்டது. மட்டமென்று ஒதுக்கப்பட்ட ராகவா லாரன்ஸோ ‘முனி’யில் (2007) ஏழைகளின் குடியிருப்புக்காக நின்று, அரசியல்வாதியிடம் ஏமாந்து கொல்லப்பட்டவரைப் பேயாக்கினார். ‘காஞ்சனா’வில் (2011) மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை எம்.எல்.ஏ. பறித்ததால் செத்த திருநங்கை திரும்பி வருகிறார். சத்தமும் சண்டையும் அதிகம், நகைச்சுவை பல இடங்களில் கூசவைக்கிறது. ஆனாலும் பட்டா கேட்கும் பேயைத் தமிழில் துணிந்து நிறுத்தியவர் அவரே.

இத்தனை படமெடுத்த மும்பை, சால் எனப்படும் தன் தொகுப்பு வீடுகளையும் ஜோப்படபட்டி எனப்படும் குடிசைப் பகுதிகளையும் பேய்ப் படத்தில் பார்த்தது அரிது. அந்நகரின் காட்கோபர் கிழக்கில் ரமாபாய் அம்பேத்கர் நகரும் பெயரிலேயே தமிழர் தொடர்பு உள்ள காமராஜ் நகரும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1997 ஜூலை 11 அன்று அம்பேத்கர் சிலைக்கு நேர்ந்த அவமதிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்ற ஆவணப்படம் அதிலிருந்துதான் கிளம்பியது. கதைப்படம் எதுவும் அந்தச் சாவுகளிடம் போனதாகத் தெரியவில்லை. இன்று அதே பகுதியை இடித்து மாடிகள் எழுப்பும் வேலை குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ., பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. ஆகியவற்றின் கையில் இருக்கிறது. காட்கோபர் மேற்கில் 2017 ஜூலை 25 அன்று சாய் சித்தி என்ற நான்கு மாடிக் கட்டடம் சரிந்து 17 பேர் மாண்டார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்கள் பலவீனமாக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2024 மே 13இல் காட்கோபரின் சேடா நகர் அருகே பெட்ரோல் பங்க்கின்மேல் விழுந்த ராட்சத விளம்பரப் பலகைக்கும் 17 பேர் பலி. 40 அடிக்கு அனுமதிக்கப்படும் இடத்தில் அது 120 அடி நின்றது. தற்காலிகக் குடியிருப்பான டிரான்சிட் கேம்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள், மறுகுடியமர்வுத் தகுதிக்கான கட்-ஆஃப் தேதியை நிரூபிக்கும் காகிதம் கிடைக்காததால் பட்டியலில் விடுபட்டவர்கள், மூதாட்டியின் ஈமக் காரியத்துக்குக்கூட இடமில்லாத 300 சதுர அடி வீடு: பேய்ப் படத்துக்கு இவற்றைவிடக் கனமான பொருள் எங்கே கிடைக்கும்?

இந்தப் பாராமுகத்துக்குக் கொலாபாவின் முகேஷ் மில் எடுத்துக்காட்டு. 1982 தீவிபத்துக்குப் பின் மூடிய அந்த ஆலை நெடுங்காலம் படப்பிடிப்புத் தளமாக இருந்தது. பல பேய்க் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. படப்பிடிப்பில் நடிகைக்குப் பேய் பிடித்த கதைகள் இன்றும் உலவுகின்றன. அதே ஆண்டு தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் வாழ்வு தொலைத்த தொழிலாளிகளில் ஒருவர்கூட அந்தச் சுவர்களுக்குள் பேயாக வந்ததாகத் தெரியவில்லை.

ஒதுக்கப்பட்டவர்களின் சாவையும் குடியிருப்பையும் திகிலாக்குவதை அமெரிக்கத் திகில் படம் செய்து காட்டியிருக்கிறது. ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) முடிவில் இரவெல்லாம் பிழைத்த கறுப்பின நாயகனை மீட்க வந்தவர்களே சுட்டுக் கொல்கிறார்கள். ‘கேண்டிமேன்’ (1992) சிகாகோவின் கப்ரீனி-கிரீன் அரசுக் குடியிருப்பில் நடக்கிறது. அங்கே ஆய்வுக்குப் போகும் வெள்ளைக்காரப் பெண், தன் விலையுயர்ந்த அடுக்ககமும் அதே அரசுக் குடியிருப்பு வரைபடத்தில் கட்டப்பட்டது என்று கண்டுபிடிக்கிறாள். குளியலறைக் கண்ணாடி அலமாரியைக் கழற்றினால் அடுத்த வீட்டுக்குள் போய்விடலாம். நகரத்தின் இரு வர்க்கங்களையும் ஒரே சுவரில் வைத்த காட்சி அது. புனரமைப்புக் கட்டடமும் விற்பனை டவரும் ஒரே மனையில் நிற்கும் மும்பைக்கு இந்தக் கதை தூரத்துக் கதையில்லை.

இப்போதைய போக்கு எதிர்த்திசையில் இருக்கிறது. ‘ஸ்த்ரீ 2’ (2024) பெருவெற்றிக்குப் பின் அதன் தயாரிப்பாளர்கள் 2028 வரைக்கும் தொடர்படங்களை அறிவித்துவிட்டார்கள். ஊர்க்கதைப் பேய்கள் ஒன்றையொன்று சந்திக்கும் உலகம் அது. சமூகக் கருத்து அதில் கடைசிக் காட்சி வசனமாக வருகிறது. நம்பிக்கை தருவது மலையாளத்தின் ‘பிரமயுகம்’ (2024). பாண சாதிப் பாடகன் ஒருவன் பசியோடு ஒரு மனைக்குள் நுழைந்து வெளியே வர முடியாமல் சிக்குகிறான்; சாதியும் அதிகாரமும் அந்தச் சுவர்களிலேயே படிந்திருக்கின்றன. ராகுல் சதாசிவன் அதை ஒரே இடிந்த வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய நடிகர்களோடு, கறுப்பு-வெள்ளையில் எடுத்தார். ராம்சேக்களும் ஒரு விருந்தினர் மாளிகையில்தான் தொடங்கினார்கள். ஆகவே காட்கோபரின் ஒரு சாலிலோ டிரான்சிட் கேம்பிலோ இப்படியொரு படம் எடுக்கப் பணம் தடையாக இருக்காது.