தேக்காவின் சுவரோவியங்கள்

திருப்பரங்குன்றத்து ஓவியச் சாலையொன்றைப் பரிபாடல் காட்டுகின்றது. குன்றுக்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி, 'இவர் யாவர்' என வினவுகின்றனர். அறிந்தோர் விடை கூறுகின்றனர். வண்ணத்தின் சிறப்பைக் காட்டிலும், வந்தோரை அது பேச வைத்ததே அப்புலவரின் கருத்தைக் கவர்ந்தது போலும். பொதுவிடத்து ஓவியத்தை அளந்தறிய இதனினும் தக்க கோல் வேண்டுவதில்லை.

சிங்கப்பூர்த் தேக்காவில், லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஆர்ட்வாக்' சுவரோவியங்களை இக்கோலால் அளக்கலாம். பல இனத்தார் அருகருகே வாழ்ந்த வட்டாரம் அது. தேக்கா என்பது மூங்கிலடி எனப் பொருள்படும் சீனச் சொல்லின் திரிபு. கெர்பாவ் சாலை எருமையைக் குறிக்கும் மலாய்ப் பெயர் தாங்கியது. பெலிலியோஸ் சந்தோ கால்நடை வணிகம் செய்த யூதர் ஒருவரின் பெயரால் வழங்குவது.

அச்சந்தில் சைஃபூல் என்னும் ஓவியர் 2016இல் தீட்டிய பழந்தொழில்களின் ஓவியம் பலரும் நின்று பார்ப்பது. பூமாலை கட்டுவோர், கிளிச் சோதிடர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே விற்பவர் ஆகியோர் அதில் உளர். இவருள் கச்சாங் பூத்தேக்காரரைச் சேர்த்தது மிகப் பொருத்தம். பண்டம் மலாய்ப் பெயருடையது. விற்றவர் பெரும்பாலும் தமிழர். படக்கொட்டகை வாயிலில் வாங்கிக் கொறித்தவரோ எல்லா இனத்தாரும். காகிதக் கூம்பில் அடங்கிய அயலுறவு அது!

எனினும், மாலை கட்டுவோரை விடுத்தால் ஏனையோர் தேக்காவில் அருகிவிட்டனர். மறைந்த அயலாரைப் போற்றுதல் எளிது. அவர் நடைபாதையை அடைத்து நிற்பதில்லை. ஞாயிறுதோறும் அங்குத் திரளும் கட்டடத் தொழிலாளிக்கு அச்சுவரில் இடமில்லை. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தின்கீழ்ச் சிக்கி மாண்டார், கலவரம் மூண்டது. அதற்கு முன்னரே ஞாயிற்றுக் கூட்டத்தைக் குறைகூறிய குடியிருப்பாளர் உண்டு. கலவரத்தின் பின், 2015ஆம் ஆண்டுச் சட்டம் தேக்காவை மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கி, வார இறுதியில் பொதுவிடத்தில் மது அருந்துதலைத் தடுத்தது. சுவரில் வண்ணம் ஏறியதும் தெருவில் எல்லை வகுத்ததும் ஒரே ஆண்டில் என்பதைத் திறனாய்வாளர் மறத்தல் கூடாது.

இக்குறை ஓரளவு நீங்குவது முகம்மது ஸுல்கர்னைன் ஒத்மானின் ஓவியத்தில். உழைப்பாளர் நாயகன் எனப் பொருள்படும் தலைப்பிட்டு அவர் வரைந்தது ரஜினிகாந்தை. உழைப்பாளி நேரே வாராமல், முன்னாளில் பேருந்து நடத்துநராயிருந்த திரைநடிகரின் வழியே வருவது சுற்றுவழிதான். ஆயினும் பரிபாடலின் காட்சி இங்கேதான் மீள்கின்றது: வெளிநாட்டுப் பயணி 'இவர் யாவர்' எனக் கேட்பின், விடை கூறத் தக்கவர் ஞாயிறன்று அவ்வழியே வரும் தொழிலாளியே.