பெயர் எழுதாத இடத்தின் விலை

நாளிதழ்களில் ‘விருதுநகர் மார்க்கெட்’ என்று ஒரு பத்தி வரும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பாமாயில், துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி என்று வரிசையாக விலை. வானம் பார்த்த பூமி இது. விளைவதைவிட இங்கே விலை பேசப்படுவது அதிகம். சரக்கு லாரியேறும் முன்பே அதன் விலையை மனதில் கட்டிப் பார்க்கிறவர்கள் நிறைந்த ஊர். பக்கத்தில் சிவகாசியிலோ ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள். ஒரு தீபாவளி முடிந்து சில வாரங்களில் பட்டாசு ஆலைகளில் பூஜை போட்டு மறு தீபாவளிக்கு வேலை தொடங்கிவிடுகிறது. இன்னும் கைக்கு வராத பொருளுக்கு இன்றைக்கு விலை சொல்வதுதான் இந்த வட்டாரத்தின் தொழில் ஞானம். அந்த ஞானத்தோடு பார்த்தால், ஐபிஎல் அணிகள் வீரர்களைத் தக்கவைத்து, விடுவித்து, மாற்றிக்கொள்ளும் அந்தச் சில வாரங்கள் ஆட்டத்துக்கு இணையான சுவை உடையவை என்பேன்.

இந்தக் கலையின் நுட்பமான வடிவம் அமெரிக்கக் கால்பந்தை வைத்து நண்பர்கள் ஆடும் கற்பனை லீக்குகளில் இருக்கிறது. பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு அணி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருடமும் முறை வைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். சிலரை மட்டும் மறு வருடத்துக்கும் தக்கவைத்துக்கொள்ளலாம். நடுவில் வியாபாரம் நடக்கும். ‘உன் ஆட்டக்காரனை எனக்குக் கொடு, அடுத்த வருடம் என் முதல் ரவுண்டு முறையை நீ எடுத்துக்கொள்.’ அந்த முறையில் யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் இன்னும் பெயர் எழுதப்படவில்லை. அதற்கு விலை வைப்பதில்தான் வித்தை இருக்கிறது.

முதல் ரவுண்டு என்றதும் பலர் மயங்கிவிடுகிறார்கள். பன்னிரண்டு அணியும் ஆளுக்கு நான்கு பேரைத் தக்கவைத்தால், தேர்வு தொடங்கும் முன்பே 48 பேர் போய்விட்டார்கள். பிறகு வரும் ‘முதல்’ தேர்வு, உண்மையில் 49ஆம் ஆட்டக்காரர். அந்த வருடம் புதிதாக வரும் இளைஞர்களில் ஓரிருவர் அபூர்வமாக இருந்தால் முதல் இரண்டு மூன்று இடங்களுக்கு மவுசு கூடும். அதற்குக் கீழே நான்காம் இடத்துக்கும் பதினான்காம் இடத்துக்கும் வித்தியாசம் மெல்லியது. இதை அறிந்தவர் முதல் ரவுண்டில் ஓர் இடத்தை விற்று இரண்டாம் ரவுண்டில் இரண்டு இடம் வாங்குவார். அறியாதவர் ‘முதல்’ என்ற பேருக்குப் பணம் கொடுப்பார்.

நிஜ அமெரிக்கக் கால்பந்து லீக்கிலும் அணிகள் முறை வைத்துத்தான் புது ஆட்டக்காரர்களை எடுக்கின்றன. அங்கே இப்படி விலை கட்டுவதற்கு ஒரு அட்டவணையே உண்டு. 1991இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் போட்டுக் கொடுத்தது. பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் அது புகழ்பெற்றது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200, பதினாறாவதற்கு 1000, முப்பத்திரண்டாவதற்கு 590. ஏறக்குறைய எல்லா அணிகளும் பல ஆண்டுகள் இதையோ இதன் சாயலையோ வைத்துத்தான் பேரம் பேசின.

ஜான்சனின் கைவரிசை அதற்கும் முன்பே, 1989 அக்டோபரில் வெளிப்பட்டது. தன் அணியின் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஐந்து ஆட்டக்காரர்களும் சில தேர்வு முறைகளும் வந்தன. அந்த ஐவரில் யாரை டாலஸ் கழற்றிவிட்டாலும், அவருக்குப் பதிலாக மேலும் ஒரு தேர்வு முறை கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. மினசோட்டாக்காரர்கள் ஐந்து பேரைத்தான் கொடுத்தோம் என்று நினைத்திருக்க, ஜான்சன் அந்த ஐவரையும் ஐந்து ரசீதுகளாகப் பார்த்தார். அந்த முறைகளை வைத்தும், மேலும் மாற்றியும் கட்டிய அணி 1990களில் மூன்று முறை சூப்பர் பவுல் வென்றது. சரக்கைப் பார்க்காமல் சரக்கின் மேல் ஒட்டியிருந்த உரிமையைப் பார்த்த அந்தக் கண்ணை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அட்டவணையிலும் ஓட்டை இருந்தது. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மையான பேரங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். தேலர் பின்னால் 2017இல் பொருளாதார நோபல் பெற்றவர். முதலிடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன, கொடுத்த காசுக்கு மேல் அதிக மிச்சம் தருவது அதற்குச் சற்றுக் கீழே உள்ள இடங்களே என்று கண்டார்கள். இன்னொரு கண்டுபிடிப்பு என்னை உலுக்கியது. இந்த வருடத்து இரண்டாம் ரவுண்டு முறைக்காக அடுத்த வருடத்து முதல் ரவுண்டு முறையையே கொடுத்துவிடும் பழக்கத்தை வட்டியாகக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 136 சதவீதம் வருகிறது. தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் போட்டுத் தடுத்த கந்துவட்டி இந்த ரகம்தான். கோடிகள் புரளும் அணிகள் அதைச் சிரித்துக்கொண்டே கட்டுகின்றன. காரணம் எளிது. இன்று தோற்றால் பயிற்சியாளருக்கு வேலை போகும். அடுத்த வருடத்து முறையை அனுபவிக்கப்போவது வேறு யாரோ.

நம் ஊரில் ஏலச்சீட்டு பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். இருபது பேர், மாதம் ஐயாயிரம் என்றால் சீட்டுத் தொகை ஒரு லட்சம். கல்யாணம் வைத்திருக்கிறவர் முதல் மாதத்திலேயே முப்பதாயிரம் தள்ளியாவது எடுப்பார். அவசரமில்லாதவர் கடைசி வரை காத்திருந்து, மற்றவர்கள் தள்ளியதில் தன் பங்கையும் வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் எடுப்பார். பணம் ஒன்றே; யாருக்கு எப்போது வேண்டும் என்பதில் விலை மாறுகிறது. கற்பனை லீக்கிலும் பருவத்தின் நடுவே கோப்பைக்கு மிக அருகில் நிற்கும் ஆளிடம்தான் எதிர்கால முறைகள் மலிவாகக் கிடைக்கும். தேர்வு நாள் நெருங்க நெருங்க அதே முறை விலையேறும், ஏனென்றால் அப்போது எல்லாருக்கும் கனவு வந்துவிடும்.

ஐபிஎல்லில் இப்படித் தேர்வு முறை கிடையாது. அதன் வேலையைக் கையிருப்புத் தொகை செய்கிறது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர். சச்சின், கங்குலி போன்ற ‘ஐகான்’ வீரர்களை வைத்திருந்த அணிகள், தாங்கள் ஏலத்தில் எடுக்கும் உச்ச விலையைவிட 15 சதவீதம் கூடுதலாக அவர்களுக்குத் தர வேண்டும். சென்னை அணிக்கு ஐகான் இல்லை. தோனிக்கு மும்பை 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் எழுத வேண்டும். இருவரிலேயே 32 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். சென்னைக்கோ அந்த 15 லட்சம் வெறும் 15 லட்சம்தான். ஒரே மனிதர், இரண்டு அணிகளுக்கு இரண்டு விலை. தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டின் ஆகச் சிறந்த கொள்முதல் அந்த வித்தியாசத்தில் நடந்தது.

சாய் சுதர்சன் கதை இன்னும் இனிது. தமிழ்நாடு பிரீமியர் லீக் முதல் சில வருடங்கள், முறை வைத்து ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் நடந்து, 2023இல்தான் ஏலத்துக்கு மாறியது. கோவை அணி அவரை 21.60 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம்! பெரிய சந்தை கவனிக்காததைச் சின்னச் சந்தை கவனித்துவிட்டது. குஜராத் பிறகு 8.5 கோடிக்கு அவரைத் தக்கவைத்தது. 2025 சீசனில் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி அவருக்கு. அதே சந்தையில் ரிஷப் பந்த்துக்கு 27 கோடி கொடுத்தவர்கள் இருந்தார்கள். தக்கவைத்தலின் லாபம், ஆட்டக்காரரின் தரத்துக்கும் அவருக்குக் கொடுக்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான். அந்த இடைவெளியை நெஞ்சில் வைத்துப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து மாற்றிக்கொள்பவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள்.

2025 நவம்பர் மாற்றத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் கோபம் தணிகிறது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு. ஊரே ஜடேஜாவுக்காகக் கலங்கியது, நானும்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்னைப் புத்தகத்தில் ஜடேஜாவுக்கு 18 கோடி, கரனுக்கு 2.4 கோடி. சாம்சனுக்கு 18. முப்பத்தேழை நெருங்கும் ஆட்டக்காரருக்குப் பதில் முப்பத்தொரு வயது, கூடவே 2.4 கோடியும் ஒரு வெளிநாட்டு இடமும் காலி. ராஜஸ்தானும் ஏமாறவில்லை. ஜடேஜாவின் விலையை 14 கோடியாகக் குறைத்துத்தான் வாங்கிக்கொண்டது. இரண்டுக்கு ஒன்று என்ற பேரத்தில் இரண்டு வாங்குகிறவர் இன்னொருவரை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

பதிரனாவை 13 கோடியோடு விடுவித்ததும் சேர, சென்னையின் கையில் 43.40 கோடி. டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் அந்தப் பணத்தில் பெரும்பங்கு இரண்டு பேருக்குப் போனது. ராஜஸ்தான் மாநில விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா, உத்தரப் பிரதேசத்து இடக்கை ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீர். இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம், இருவரும் இந்தியாவுக்கு ஆடாதவர்கள், இருவருக்கும் தலா 14.20 கோடி. அதே நாளில் பதிரனாவை 18 கோடிக்குக் கொல்கத்தா எடுத்தது. மூத்தவர்களை நம்பியே பழகிய அணி, கையிருப்பைப் பெயர் தெரியாத எதிர்காலத்தின் மேல் வைத்திருக்கிறது.

இந்த இரண்டு விலையில் ஒன்று நிச்சயம் கூடுதல் என்பது என் எண்ணம். பிரசாந்த் வீரை ஜடேஜா விட்டுப்போன இடத்துக்கு எடுத்தார்கள். அந்த அவசரம் விலையில் தெரிகிறது, முதல் மாதமே சீட்டைத் தள்ளி எடுத்தவரின் அவசரம். கார்த்திக் சர்மா விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். தோனிக்குப் பின் கீப்பராகச் சாம்சன் வந்துவிட்ட பிறகும் அந்தப் பையனுக்கு அவ்வளவு கொடுத்தது தேவைக்காக இல்லை, அவன் கையில் கண்ட ஏதோ ஒன்றுக்காக. அது சரியா என்பது அடுத்த மெகா ஏலத்துக்கு முன் தக்கவைப்போர் பட்டியல் வரும்போதுதான் தெரியும். அதுவரை ஒவ்வொரு சீசனிலும் அவன் அடிக்கும் ரன்னை 14.20 கோடியால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.