எலி வளையும் தனி வளையும்

'ஜெய் பீம்' (2021) பற்றி எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் லாக்கப் காட்சிகளையும் நீதிமன்றத்தையும்தான் எழுதினார்கள். எனக்கு அந்தப் படத்தின் சாவி வயலில் எலி பிடிக்கிற காட்சியில் இருக்கிறது என்று தோன்றுகிறது. என்னோடு படம் பார்த்த நண்பர்கள் அதை "பாவம்ப்பா, எலியைத் தின்னு வாழுறாங்க" என்று சொல்லிக் கடந்துபோனார்கள். அவர்கள் பார்த்தது வறுமையை. திரையில் இருந்தது ஒரு வேலை, அதுவும் ரொம்ப நுட்பமான வேலை.

எலி சந்தேகப் பிராணி. அது நடமாடும் இடத்தில் புதிதாக ஒரு பொருளை வைத்தால் சில நாள் பக்கத்திலேயே வராது. புதுத் தீனியை முதலில் கொஞ்சம் கொறித்துப் பார்க்கும். உடம்புக்கு ஒத்துக்கவில்லை என்றால் அப்புறம் தொடவே தொடாது. வட அமெரிக்காவின் ரக்கூன் இதற்கு நேர் எதிர். ஓட்டையைக் கண்டால் கையை விட்டுத் துழாவும். அங்கே பொறி செய்கிறவர்கள் சின்னக் குழாய்க்குள் இரையை வைத்து அந்தத் துழாவும் கையைப் பிடிக்கிறார்கள். நல்ல பொறி எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே அந்த விலங்கின் குணம்தான் இருக்கும்.

இவ்வளவு சந்தேகப்படுகிற எலிக்குப் புதுப்பொருள் எதையும் வைக்காமல், அதன் வீட்டையே பொறியாக்குவதுதான் புகை போடும் முறை. வரப்பில் எந்த வளையில் எலி இருக்கிறது என்பதை வாசலில் கிடக்கும் புதுமண்ணையும் தடத்தையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். வளைக்கு வாசல் ஒன்றோடு நிற்காது. தப்பிப்பதற்கான வழியை எலி லேசாக மண் மூடி வைத்திருக்கும். அது எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்தான் மற்றதை அடைத்து, ஒரு வாசலில் பானையை வைத்துப் புகை ஊத முடியும்.

வாயால் ஊதும்போது உதடும் கையும் வெந்துபோகும், புகை நெஞ்சுக்குள் போகும். இதற்கு மாற்றாகச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று கையால் சுற்றுகிற இரும்புக் கருவியை வடிவமைத்து, 2003-ல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. இன்ஜினியராக எனக்கு அதில் பிடித்த விஷயம், அது ஊதுகிற கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கே ஊதுவது என்பது இருளர் கையிலேயே இருந்தது.

இப்போது படத்துக்கு வருவோம். 1993-ல் நடந்த உண்மை வழக்கில் இறந்தவர் குறவர். படம் அவரை இருளர் ஆக்கியதை விமர்சித்தவர்கள் உண்டு, அது நியாயமான விமர்சனம். ஆனால் அந்த மாற்றத்தால்தான் எலியும் பாம்பும் கதைக்குள் வந்தன. ஊர்த்தலைவர் வீட்டில் பாம்பு புகுந்ததும் ராசாக்கண்ணுவைக் கூப்பிடுகிறார்கள். பிடித்துக் கொடுக்கிறான். பிறகு அங்கே நகை காணாமல் போனதும், வீட்டுக்குள் வந்துபோனவன் என்று அவன் மேலேயே சந்தேகம் விழுகிறது. எந்தத் திறமைக்காக வாசல் திறந்ததோ அதுவே குற்றச்சாட்டாகிறது. அவன் கையில் சிக்கவில்லை என்றதும் போலீஸ் மனைவியையும் உறவுக்காரர்களையும் தூக்குகிறது. ஒவ்வொரு வாசலாக அடைத்துவிட்டுப் புகை போடுகிறார்கள். வரப்பில் பார்த்த அதே முறை. இயக்குநர் த.செ.ஞானவேல் இந்த ஒப்புமையை அடிக்கோடு போட்டுக் காட்டாதது படத்தின் பலம்.

என் குறை இரண்டாம் பாதியில். தடம் பார்ப்பது, மறைத்ததைத் தோண்டி எடுப்பது எல்லாம் பெரும்பாலும் வக்கீல் சந்துருவின் வேலையாகிவிடுகிறது. செங்கேணிக்குப் படம் உறுதியைத் தருகிறது, அறிவைத் தரத் தயங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய நம் படங்கள் பலவற்றிலும் இந்தத் தயக்கம் இருக்கிறது. அழுவதற்கு அவர்கள், யோசிப்பதற்கு வேறொருவர்.

இந்த அறிவுக்கு வெளியே என்ன மதிப்பு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்தார்கள். முன்பின் பார்க்காத நிலம். நான்கு வாரத்துக்குள் 27 பாம்புகள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இருளர்கள் வாழும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தேர்வாய் கண்டிகை இருக்கிறது. ஊரார் எதிர்த்தும் அங்கே ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்க்கால் காடு சிப்காட் ஆனது. வரப்பு போன இடத்தில் வளை ஏது? ஆனால் பாம்புக்கு காம்பவுண்டு சுவர் தெரியாது. கம்பெனிக்குள் பாம்பு வந்தால் இன்றைக்கும் செக்யூரிட்டி பாம்பு பிடிக்கிற ஆளைத்தான் தேடுவார். வேலை முடிந்ததும் அந்த ஆளை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

எலி வளையானாலும் தனி வளை வேணும் என்பார்கள். ராசாக்கண்ணு செங்கேணிக்காக ஆசைப்பட்டதும் ஒரு கல்வீட்டுக்குத்தான். அடுத்து இருளர் கதையைப் படமாக்குகிறவர் அந்த வீட்டோடு சேர்த்து இன்னொன்றையும் செங்கேணிக்குத் தரலாம்: தரையைப் பார்த்து அவளே உண்மையைக் கண்டுபிடிக்கிற ஒரே ஒரு காட்சி.